பெட்டி ஆபீசருக்கு ஒரு வீடு

வாங்க தங்கச்சி, உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபேனுக்கு நேரா ஒக்காருங்க. தைக்கவா வந்தீங்க? என்னது, வீடா? வீடு வேணும்னு எங்கிட்ட யாரு அனுப்புனது? நேவி கேம்ப் கேட்ல நிக்கிற தம்பியா? அது ஊருக்குப் புதுசு, அதுக்குத் தெரியாது. நான் வீடு காட்டுறத விட்டாச்சு. நானா விடல தங்கச்சி, விட வச்சுட்டாக. இந்த ஊர்ல வீடு வச்சிருக்க அத்தனை பேரும் ஒண்ணு கூடி, நம்புசெல்வி ஆளு கூட்டிக்கிட்டு வந்தா கதவைத் தெறக்காதீகன்னு பேசி முடிச்சுட்டாக.

நான் செஞ்ச தப்பு என்ன? உண்மையச் சொன்னேன். ஒரு மனுசன் வீடு கேட்டு வந்தாரு. ஒவ்வொரு வீட்லயும் என்ன கொறைன்னு ஒளிக்காமச் சொன்னேன். அது தப்பா? நீங்க எந்த ஊரு, சேலமா? ஒங்க வீட்டுக்காரரு எதுல, ஹெலிகாப்டர்லயா? சரி சரி. தண்ணி குடிங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

போன சித்திரையில நடந்தது. கத்திரி ஆரம்பிச்சு ரோட்டுல தாரு இளகிக் கெடக்கு. நான் இந்த மெஷின்லதான் ஒக்காந்திருக்கேன். கேம்ப் ஆளுகளோட யூனிபார்ம் வேலையெல்லாம் இந்தக் கடைக்குத்தான் வரும். இடுப்பப் பிரிக்கிறது, கால ஏத்துறது, பேரு பட்டை தைக்கிறது. புதுசா மாத்தலாகி வர்றவுக மொத மொத வர்ற கடை இதுங்கிறதால, அக்கா, வீடு எங்க கெடைக்கும்னு என்னையத்தான் கேப்பாக. நானும் மெஷினை மூடிட்டுக் கொடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவேன். எத்தனை குடும்பத்தைக் குடி வச்சிருக்கேன் தெரியுமா! யாரும் ஒரு வார்த்தை கொறை சொன்னதில்ல. இவரு விசயத்துலதான் பேரு கெட்டுப்போச்சு.

வந்து நின்னாரு. நல்ல ஒசரம். மூஞ்சி செவந்து வேர்த்து ஊத்துது. வெள்ளைப் பேன்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, "இடுப்பு கொஞ்சம் பிரிக்கணுங்க"ன்னாரு. பேரு போஜன். பெட்டி ஆபீசராம். நான் சும்மா இருக்காம, "கடை போட்ட புதுசுல பெட்டி ஆபீசருன்னா பெட்டி தூக்குற ஆபீசருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார்"ன்னேன். சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு! நான் குண்டூசிய வாயில கவ்விக்கிட்டு அளவெடுக்குற ஆளு. நல்லவேளை முழுங்கல.

எந்த ஊருன்னு கேட்டா, கோத்தகிரிங்கிறாரு. அடப்பாவமே! பனியில பொறந்து வளந்த மனுசனக் கொண்டாந்து இந்த உப்புக்காத்துல போட்டுட்டாகளேன்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. மனுசாபிமானம், வேற ஒண்ணுமில்ல.

அப்புறம் பேச்சுவாக்குல சொன்னாரு. சம்சாரம் காய்ச்சல்ல தவறிப்போச்சாம். ஒரே பொண்ணு, தீப்தின்னு பேரு, ஊர்ல இவரோட அக்காகிட்ட வளருது. கேம்ப்புக்குள்ள குவார்ட்டர்ஸுக்கு நெறையப் பேரு காத்துக்கிட்டு இருக்காக. வெளிய ஒரு வீடு அமைஞ்சாப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்து கூடவே வச்சுக்கலாம். பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள அமையலன்னா அக்கா அதை ஊட்டியில ஹாஸ்டல்ல சேத்துரும். "ஹாஸ்டல்ல போட்டா வளந்தே போயிரும், நான் பாக்காமயே"ன்னாரு. போட்டோவைக் காட்டினாரு. ரெட்டைச் சடை, முன்பல்லு ஒண்ணு இல்ல. "கவலைய விடுங்க சார், இந்த வாரத்துக்குள்ள முடிச்சுத் தாரேன்"னு சொன்னவ நான்தான். நெசமாத்தான் சொன்னேன்.

மொத வீடு தங்கையா வாத்தியாரு வீடு. அந்தா, தண்ணித் தொட்டிக்கு அங்கிட்டு தெரியுதே மஞ்சப் பெயின்ட்டு. புது வீடு, வழவழன்னு தரை, வாசல்ல கிரில்லு. இவரு உள்ள போயி சுத்திப் பாத்துட்டு, "நல்லா இருக்குங்க, இதையே முடிச்சுரலாம்"ங்கிறாரு. காலையில பத்து மணிக்கு எந்த வீடுதான் நல்லா இருக்காது? "மத்தியானம் வந்து பாருங்க சார்"னு கூட்டிக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு மணி வெயில்ல மறுபடியும் கூட்டிட்டுப் போயி, மேக்குச் செவத்துல கைய வைங்கன்னேன். வச்சாரு. எடுத்தாரு. வெடுக்குன்னு எடுத்தாரு! அந்தச் செவத்துல அப்பளம் சுடலாம் தங்கச்சி. சன்ஷேடு கெடையாது, ஒரு மரங்கெடையாது, சாயங்காலம் வரைக்கும் வெயிலு நேரா அடுப்படியில விழுகும். நீங்களும் கேட்டுக்கங்க, இந்த ஊர்ல வீடு பாக்குறதுன்னா மத்தியானம் பாக்கணும். வாத்தியாருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "நம்புசெல்வி, நீ வீடு காட்ட வந்தியா, சூடு காட்ட வந்தியா?"ன்னாரு.

மறுநாளு கெழக்க கடல் பக்கமா ஒரு வீடு. காத்துன்னா காத்து, அப்படிக் காத்து! இவருக்கு வாயெல்லாம் பல்லு. "இது போதுங்க"ன்னாரு. நான் விட்டேனா? போர்த் தண்ணிய ஒரு டம்ளர் புடிச்சுக் குடுத்தேன். அந்த மனுசன் மரியாதைக்கு முழு டம்ளரையும் குடிச்சுட்டு, "பரவால்லீங்க"ங்கிறாரு. கண்ணுல தண்ணி நிக்குது! கடல் தண்ணி தோத்துச்சு அதுகிட்ட. "ஒங்களுக்குப் பரவால்ல சார், பிள்ளைக்குத் தலைமுடி என்னத்துக்கு ஆகும்? ரெட்டைச் சடை ஒத்தைச் சடையாகி, அதுவும் எலி வாலாகிப் போயிரும்"னேன். அதைக் கேட்டுத்தான் எறங்கி வந்தாரு.

வர்ற வழியில பனங்காட்டுல பதநீ எறக்கிக்கிட்டு இருந்தாக. மனுசன் ஆயுசுல குடிச்சதில்லையாம். ஓலையப் பட்டையா மடிச்சுக் கையில குடுத்தா, எந்தப் பக்கம் வாய் வைக்கிறதுன்னு தெரியாம அத்தனையும் சட்டையில ஊத்திக்கிட்டாரு. நான் சிரிச்சு சிரிச்சு, வயித்தைப் புடிச்சுக்கிட்டு அந்த மணல்லயே ஒக்காந்துட்டேன். பதநீ எறக்குற அண்ணன், "என்ன நம்பு, நீ சிரிச்சு இப்பத்தான் பாக்குறேன்"ங்கிறாரு. நான் எப்பவும் சிரிக்கிறவதான். அவரு மரத்து மேலயே இருக்காரு, அவருக்கெப்படித் தெரியும்?

எனக்கும் ஒருத்தரு இருந்தாருதான் தங்கச்சி. துபாய்க்குப் போனாரு. அங்கயே ஒரு குடும்பமாகிப் போச்சு. கோர்ட்டுல தீத்துக்கிட்டோம். அது பழைய கதை. இந்தக் கதைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஏன் சொல்றேன்னா, அதுக்கப்புறம் தனியா இருந்து நல்லாத்தான் இருந்தேன், எனக்கு ஒரு கொறையுமில்ல. அதுக்காகச் சொல்றேன்.

மூணாவது வீடு கேம்ப்புச் செவத்தை ஒட்டி. இவரு சைக்கிளை மிதிக்கவே வேணாம், வீட்டைவிட்டு எறங்கினா கேட்டு. மனுசன் தாவிக் குதிக்கிறாரு. நாங்க உள்ள நிக்கையிலயே ஹெலிகாப்டர் தாழ வந்துச்சு. மேல தகர ஷீட்டு தடதடன்னு ஆடுது, அலமாரியில வீட்டுக்காரம்மா வச்சிருந்த தட்டு நடந்து நடந்து வந்து கீழ விழுகுது. "எனக்கு இந்தச் சத்தம் தாலாட்டு மாதிரிங்க"ன்னாரு. "ஒங்களுக்குத் தாலாட்டு. பிள்ளை எப்படிப் படிக்கும்?"னேன். வீட்டுக்காரம்மா என்னைய முறைச்ச முறைப்பு இருக்கே! எம்பிள்ளைக இங்க படிச்சுத்தானே வேலைக்குப் போயிருக்குங்கிறாக. அது அவுக பிள்ளைக. காது மரத்த பிள்ளைக.

இப்படியே போச்சு. ஒரு வீட்ல படி செங்குத்து. ஒரு வீட்ல கக்கூஸ் தெக்க பாத்து, அங்கிட்டிருந்து வர்ற காத்து நேரா சாமி ரூமுக்கு. ஒரு வீட்ல எல்லாம் சரி, எதுத்த வீட்டு நாய்க்கு யூனிபார்ம் ஆகாது. தெனமும் அவரு டூட்டி முடிச்சு வருவாரு, நான் கொடையை விரிப்பேன், அவரு என் பையத் தூக்கிக்கிட்டு வருவாரு, ஏதாவது ஒரு தெருவுல போயி நிப்போம். திரும்பி வந்து இந்தக் கடையில நன்னாரி சர்பத் குடிப்போம். கல்யாண சீசன், ரவிக்கைத் துணி மலையாக் கெடக்கு. நான் அதையெல்லாம் தள்ளி வச்சுட்டு இவருக்காக அலையுறேன். கருத்துப் போயிட்டேன். அப்படி ஒரு நாணயம்!

ஒருநாளு சர்பத்தைக் கையில வச்சுக்கிட்டுக் குடிக்காம ஒக்காந்திருக்காரு. என்ன சார்னா, அக்கா போன் பண்ணுச்சாம். ஹாஸ்டல்ல எடம் சொல்லி வச்சாச்சாம். வர்ற திங்கக்கெழம வரைக்கும் பாக்குறேன், அதுக்கு மேல பிள்ளைய அலைக்கழிக்க முடியாதுன்னுடுச்சாம். "எனக்கு இந்த ஊர்ல வீடு விதிக்கல போலங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் போட்டோவைப் பாக்குறாரு. எனக்கு நெஞ்சுல யாரோ கத்திரிக்கோலை வச்ச மாதிரி ஆகிப்போச்சு. அந்தப் பொட்டப்பிள்ள ஹாஸ்டல்ல போயி யாரைப் பாத்து அழுகும்?

அன்னைக்கே முடிவு பண்ணேன். ஜொகரா அக்கா வீட்டைக் காட்டிர வேண்டியதுதான். பள்ளிவாசல் தெருவுல இருக்கு. இந்த ஊர்லயே நல்ல வீடு. சுத்தித் தென்னை, நல்ல தண்ணிக் கெணறு, மேக்க பெரிய வேப்ப மரம், பக்கத்துலயே பள்ளிக்கூடம். பக்கத்துப் போர்ஷன் மாசிலருந்து காலியாக் கெடந்துச்சு. அப்ப ஏன் அதை மொதல்லயே காட்டலன்னு கேக்குறீங்களா? மறந்துட்டேன். வேலை மும்முரத்துல மறந்து போறதில்லையா?

போனோம். உள்ள நொழைஞ்சதும் குளுகுளுன்னு இருக்கு. அவரு சன்னலைத் தெறந்து பாத்தாரு, தண்ணியக் குடிச்சுப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. என்ன கொறை சொல்லப் போறேன்னு பாக்குறாரு. ஜொகரா அக்காவும் என் மூஞ்சியையே பாக்குது. நான் மேல பாக்குறேன், கீழ பாக்குறேன். செவத்துல ஒரு கீறலு இல்ல. ஒரு எறும்புகூட இல்ல தங்கச்சி. வாயத் தெறந்து, "இந்த வீட்ல ஒரே ஒரு கொறை சார், வீட்டுக்காரம்மா ரொம்ப நல்லவுக"ன்னுட்டேன்.

"நல்லவங்கன்னா நல்லதுதானுங்களே"ங்கிறாரு.

"ஒங்களுக்குத் தெரியாது சார். தெனமும் ஏதாவது செஞ்சு கொண்டாந்து குடுப்பாக. நெய்ச்சோறு, வட்டலப்பம், ஒண்ணு மாத்தி ஒண்ணு. ஒங்களுக்கு இடுப்பு பெருத்துப் போயிரும். அப்புறம் அந்தப் பேன்ட்டை யாரு பிரிக்கிறது? நான்தானே?"

ஜொகரா அக்கா முக்காட்டை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு உள்ள ஓடிருச்சு. உள்ளருந்து சிரிக்கிற சத்தம் கேக்குது. "ஒனக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும்டி"ன்னு அங்கருந்தே கத்துது. எனக்கு என்ன கோளாறு? ஒரு கோளாறுமில்ல.

வாசலுக்கு வந்தோம். இவரு கொடையை வாங்கித் தானே விரிச்சாரு. கொஞ்ச தூரம் நடந்துட்டு நின்னு, "ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்த ஊர்ல எல்லா வீட்லயும் கொறை இருக்குது. நீங்க இருக்கறதுன்னா எந்த வீட்ல இருப்பீங்க?"ன்னாரு.

"என் வீட்லதான்"னேன். பட்டுன்னு வந்துருச்சு. பின்ன? வேற எங்க இருப்பேன்? அது நான் தச்சுத் தச்சுக் கட்டுன வீடு. அதுல ஒரு கொறை கெடையாது.

அவரு என் பக்கத்துல வந்து ஏதோ கேட்டாரு. சரியா அந்த நேரம் பாத்து ஹெலிகாப்டர் ஒண்ணு தலைக்கு மேல வந்துருச்சு. அவரு வாயி அசையுறது தெரியுது, கொடை பிச்சுக்கிட்டுப் போகுது, புழுதி கண்ணுல விழுகுது, ஒண்ணும் கேக்கல. நான் தலையாட்டுனேன். சத்தத்துல எல்லாரும் அப்படித்தானே செய்வோம்? நல்லா ஆட்டுனேன். ரெண்டு மூணு தடவை ஆட்டுனேன். அது போயிச் சத்தம் அடங்குனதும் பாத்தா, அவரு மூஞ்சி கோத்தகிரிக்கே போயிட்டு வந்த மாதிரி குளுந்து கெடக்கு. "அக்காகிட்டச் சொல்லிடறேனுங்க. ஞாயித்துக்கெழம வந்துருவாங்க"ன்னு சொல்லிட்டு, கொடையோட போயிட்டாரு! நான் வெயில்ல நிக்கிறேன்.

என் வீட்டு மாடியில ஒரு ரூமு இருக்கு. வெட்டுத்துணி போட்டு வச்சிருப்பேன். அதைத்தான் வாடகைக்குக் கேட்டிருக்காருன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். வேற என்ன கேக்கப் போறாரு? ஆளு விட்டு அந்த ரூமுக்கு வெள்ளையடிச்சேன். பெயின்ட்டு மிச்சமிருந்துச்சு, கீழயும் அடிச்சேன். வாசக்கதவுக்கும் அடிச்சேன். முதல் நாளு பசியோட வருவாகளேன்னு பெரிய இட்லிப் பானை ஒண்ணு வாங்குனேன். ஒரு பட்டு ரவிக்கைத் துணி ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சு, அதை எனக்குத் தச்சு வச்சேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு கவுனு, போட்டோவைப் பாத்துக் கண்ணளவுல தச்சேன். ஜொகரா அக்கா வந்து எட்டிப் பாத்துட்டு, "என்னடி கேட்டாரு அன்னைக்கு?"ங்குது. மாடி ரூமுன்னேன். "மாடி ரூமுக்கு எதுக்குடி பட்டு ரவிக்கை?"

"துணி வீணாப் போகுதுல்லக்கா?"

ஞாயித்துக்கெழம ராமநாதபுரத்துல ரயில விட்டு எறங்கி, ஒரு வேன் புடிச்சு வந்துட்டாக. அவரு, அவுக அக்கா, அந்தப் பிள்ள. அக்கா அந்த வெயில்ல வெள்ளைச் சேலை கட்டி, மேல வெள்ளைத் துண்டு போத்தியிருக்காக. அவுக பக்கம் நல்ல காரியத்துக்கு அதுதான் வழக்கமாம். எங்க தெருவுக்கு அது எப்படித் தெரியும்? என்னமோ ஏதோன்னு பதறிப்போயி தெருவே கூடிருச்சு. வேன்லருந்து ஒரு மூட்டை கேரட்டு, வர்க்கி பிஸ்கட்டு, தேயிலை, ப்ளம்ஸு, தாம்பாளம் நெறையப் பூவு. வாடகைக்கு வர்றவுக பூவு கொண்டு வருவாகளா? அவுக பக்கம் வழக்கம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பிள்ளைக்குக் கவுனைக் குடுத்தேன். அது உள்ள போயிப் போட்டுக்கிட்டு வந்துச்சு. ஒரு இஞ்சி கூடல, ஒரு இஞ்சி கொறையல!

அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு, "தம்பி எல்லாஞ் சொன்னான். நீ சம்மதிச்சதக் கேட்டு எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல, கண்ணு"ன்னாக.

"அதுக்கென்ன, மாடி ரூமு சும்மாத்தானே கெடக்கு"ன்னேன்.

அக்கா தம்பியப் பாக்குறாக. அவரு என்னையப் பாக்குறாரு. "மாடி ரூமா?"ங்கிறாரு. அந்த மூஞ்சியில எல்லா ரத்தமும் வடிஞ்சு போச்சு. எனக்குப் பாவமாப் போச்சு தங்கச்சி. "அன்னைக்கு சத்தத்துல சரியா விழல சார், என்ன கேட்டீக?"ன்னேன். அவரு குனிஞ்சு தரைக்கிட்ட ஏதோ சொன்னாரு. கேக்கலன்னேன். இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொன்னாரு. "காதுல விழலையே"ன்னேன். பரேட்ல கத்துற ஆளு தானே அவரு? நெஞ்சை நிமித்தி, ரெண்டு கையையும் ஒடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, "என்னக் கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு கேட்டேனுங்க!"ன்னு போட்டாரு ஒரு போடு. பஸ் ஸ்டாப்புல நின்னவுக எல்லாம் திரும்பிட்டாக. தங்கையா வாத்தியாரு மொட்டை மாடிக்கு ஏறிட்டாரு.

அந்தப் பிள்ள மட்டும் கவுனைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே, "மாடி ரூமுக்கு வர்றவங்களுக்கெல்லாம் நீங்க கவுன் தச்சுக் குடுப்பீங்களா ஆன்ட்டி?"ன்னு கேட்டுச்சு.

நான் என்னத்தச் சொல்ல? தெருவே பாக்குது, ஜொகரா அக்கா தூணைப் புடிச்சுக்கிட்டுக் குலுங்குது. "தலையாட்டுனது ஆட்டுனதுதான். நான் சொன்ன சொல்ல மாத்துறவ இல்ல"ன்னேன். அந்த அக்கா பூவை எடுத்து என் தலையில வச்சாக. அவரு அங்கனயே படியில ஒக்காந்துட்டாரு. கப்பல்ல புயலையெல்லாம் பாத்த மனுசன்.

ஆவணியில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சோம். தீப்தி ஜூன்லயே இங்க பள்ளிக்கூடத்துல சேந்துருச்சு. அது வரைக்கும் ரெண்டு பேரும் ஜொகரா அக்கா போர்ஷன்லதான் இருந்தாக. நான் சொன்னது பலிச்சுச்சா இல்லையா? இடுப்பு ரெண்டு இஞ்சி பெருத்துப் போச்சு அவருக்கு. பிரிச்சது யாரு? நான்தான்.

வீட்டுக்காரக எல்லாரும் கல்யாணத்துக்கு வந்து நல்லாச் சாப்பிட்டாக. சாப்பிட்டு எந்திரிச்சுத்தான் அந்த முடிவை எடுத்தாக, இனிமே எனக்கு வீடு காட்டக்கூடாதுன்னு. தீர்மானம் போட்டது வாத்தியாருதான். இப்பச் சொல்லுங்க தங்கச்சி, இதுல என் தப்பு என்ன இருக்கு? இந்த ஊர்ல நல்ல வீடு இல்லாதது என் தப்பா?

இவரு பேச்சு அதை விட மோசம். போன வாரம் பேச்சுவாக்குல சொல்றாரு, "எனக்கு வாத்தியார் வீடே போதும்னு இருந்துச்சு, அன்னைக்கே சாவி வாங்கியிருப்பேன்"ன்னு. எனக்கு எப்படி இருக்கும்? அத்தனை வெயில்ல அத்தனை தெருவு! "பின்ன ஏன் வாங்கல?"ன்னு கேட்டேன். "வாங்கியிருந்தா மறுநாள் உங்கூட எந்த வீட்டப் பாக்கறது?"ங்கிறாரு. இதென்ன பதிலு? வீடு தேடி வந்த ஆளு பேசுற பேச்சா இது? முந்தாநாளும் கேட்டேன், இதையேதான் சொன்னாரு. நேத்தும் கேட்டேன். நானும் தெனமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி, மனுசன் ஒரு எழுத்து மாத்தாம இதையேதான் சொல்றாரு.